இரவல் சோபா

எங்கள் வீட்டில் சோபா கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று மூன்றே கால் மணிக்கு நான் மூச்சிரைக்க இரண்டு மாடி ஏறி வந்து வாசலில் செருப்பைக் கழற்றியபோது, உதவித்தொகை மேடம் எங்கள் முன்னறையில் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

வீடு மாறி நுழைந்துவிட்டேனோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். எங்கள் கட்டடத்தில் எல்லாக் கதவுகளும் ஒரே பச்சை, யார் வேண்டுமானாலும் தடுமாறலாம். ஆனால் சோபாவின் விளிம்பில், விழுந்துவிடுவது போல் உட்கார்ந்திருந்தது என் தங்கைதான். சமையலறை வாசலில், பீரோவை விட்டு வெளியே வராத நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றது என் அம்மாதான். அம்மாவின் முகத்தில் ஒரு புன்னகை. விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் புன்னகை.

சோபா எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. கைப்பிடியில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. கீழே சலூனில் முறைக்குக் காத்திருப்பவர்கள் உட்காரும் சோபா அது. அதன் மடிப்புகளில் இந்தத் தெரு ஆண்கள் எல்லோருடைய முடியும் இருக்கும். அதற்குப் பக்கத்தில் எதிர்வீட்டு நர்ஸ் அக்காவின் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அதன்மேல் அவர்களுடைய ஏர்கூலர். மூலையில் ஒரு வாஷிங் மெஷின். அது மேல்மாடி மெக்கானிக்கிடம் பழுது பார்க்க வந்தது. அதன் உண்மையான சொந்தக்காரர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேடத்தின் மடியில் ஒரு படிவம் இருந்தது. அதை எனக்கு நன்றாகத் தெரியும். என் வேலையே அதுதான்.

தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நான் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ் கடை, பாதி நேரம் விண்ணப்பம் நிரப்புவதுதான் வேலை. எந்த உதவித்தொகைக்கு என்ன சான்றிதழ், எதற்குக் கடைசித் தேதி எது, எதில் அப்பாவின் கையெழுத்து வேண்டும், எதில் அம்மாவின் கையெழுத்தே போதும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பிள்ளைகளுக்கு நான் ஃபார்ம் அக்கா. நான் நிரப்பிக் கொடுத்து வெளியூரில் படிக்கப் போனவர்கள் ஒரு வகுப்பறை அளவுக்கு இருப்பார்கள். மேடத்தை அனுப்பிய அறக்கட்டளை எங்கள் பகுதிக்கு வருடத்துக்கு இரண்டு பேரைத்தான் எடுக்கும். எடுத்துவிட்டால் நான்கு வருடத்துக்கும் கல்லூரிக் கட்டணம், விடுதி, புத்தகம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. எழுத்துத் தேர்வு, நேர்காணல், கடைசியாக வீட்டுக்கே வந்து பார்ப்பது என்று மூன்று கட்டம். தங்கை முதல் இரண்டையும் தாண்டியிருந்தாள்.

தங்கையை எல்லோரும் பூச்சி என்றுதான் கூப்பிடுவோம். நான்கு வயதிலிருந்து தீப்பெட்டியிலும் பாட்டிலிலும் பூச்சி பிடித்து அடைத்து வைத்துக்கொண்டிருந்தவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது. இப்போது அவளுக்குப் பூச்சியியல் படிக்க வேண்டுமாம். அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று நான் சொன்னபோது அம்மா நம்பவே இல்லை. அடித்துக் கொல்வதற்கு எதற்கு நான்கு வருடப் படிப்பு என்று கேட்டாள். ஆனால் உதவித்தொகை கிடைக்காவிட்டால் பூச்சி எங்கே போவாள் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். அம்மா வேலை செய்யும் லாட்ஜின் சலவைப் பிரிவில், அம்மாவுக்குப் பக்கத்து மேஜையில், படுக்கை விரிப்பு மடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. சூப்பர்வைசர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

அப்பா லாரி ஓட்டுகிறார். எப்போது வீட்டுக்கு வருவார் என்பது அவருக்கே தெரியாது.

வீடு பார்க்க வருபவர்களைப் பற்றி நான் எத்தனை குடும்பங்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். டிவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாதீர்கள். பைக்கை அடுத்த தெருவில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். இருப்பது இருந்தபடி இருக்கட்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். இதை ஒரு தாளில் அச்சடித்துக்கூட வைத்திருக்கிறேன். என் அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? அன்று காலை மேடம் கூப்பிட்டதும், கடையில் கூட்டம் கழுத்தைப் பிடிக்க, அம்மாவுக்கு போன் போட்டு, மூன்று மணிக்கு வீட்டைப் பார்க்க ஒரு மேடம் வருகிறார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எல்லோரும் ஒளித்து வைப்பார்கள். என் அம்மா ஒருத்திதான் கொண்டுவந்து வைப்பாள். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இவ என் பெரிய பொண்ணு," என்று அம்மா அறிமுகம் செய்தாள். மேடம் தலையசைத்தார். ஐம்பது வயது இருக்கும். களைத்த முகம். கைப்பையின் வாரில் ஊக்கு குத்தியிருந்தது. நிறைய வீடு ஏறி இறங்குபவர் என்று பார்த்ததும் தெரிந்தது. கெட்டவராகவும் தெரியவில்லை, இளகுபவராகவும் தெரியவில்லை. பேனா மட்டும் நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தது.

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் வீட்டுச் சாமான்களின் பட்டியல் இருக்கும். மொத்தம் பன்னிரண்டு கட்டம். நான்குக்கு மேல் டிக் விழுந்தால் அந்த விண்ணப்பம் நிராகரிப்பவற்றின் கட்டுக்குப் போய்விடும். அதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்திருந்தது. நின்ற இடத்திலிருந்தே எண்ணினேன். ஆறு டிக். அதில் எங்களுடையவை மின்விசிறியும், மூடியைக் கையால் அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும் மிக்ஸியும்தான்.

ஃபிரிட்ஜ் எப்போது வாங்கியது என்று மேடம் கேட்டார். போன வருடம் என்றாள் அம்மா. தவணையா என்று கேட்டார். தவணையெல்லாம் எங்களுக்குப் பழக்கம் இல்லை, ரொக்கம்தான் என்றாள். நான் அம்மாவைப் பார்த்துக் கண்ணை உருட்டினேன். அவள் அதைக் கவனித்தாள், தலையாட்டினாள், உள்ளே போய் நர்ஸ் அக்காவின் பூப்போட்ட டீ கோப்பைகளை எடுத்து வந்து வைத்தாள். என் ஜாடை அவளுக்கு அப்படித்தான் புரிந்தது.

பூச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. அவளுக்கு எல்லாம் தெரியும். நேர்காணலுக்கு முன்னால் நான் அச்சடித்த தாளை அவளும்தான் படித்திருக்கிறாள். ஆனால் வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று அம்மா சொல்லியிருப்பாள்.

டீயில் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று ஏதோ உளறி அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்துப் போனேன்.

"அம்மா, இது இல்லாதவங்களுக்குக் கொடுக்கறதும்மா. இதையெல்லாம் பார்த்தா கிடைக்காது."

"இல்லாதவங்கன்னு தெரிஞ்சா எவன் கொடுப்பான்?" அம்மா குரலைத் தாழ்த்திக் கொண்டாள், கோபத்தைத் தாழ்த்தவில்லை. "கடன் கேட்டுப் போகும்போது நல்ல புடவை கட்டிட்டுதானே போறோம்? கிழிஞ்சதைக் கட்டிட்டுப் போனா வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிடுவாங்க. நான் பார்த்திருக்கேன். இருக்கறவங்களுக்குத்தான் எல்லாரும் கொடுக்கறாங்க."

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவளுடைய வாழ்க்கையில் அப்படித்தான் நடந்திருக்கிறது. நான்கு டிக், ஆறு டிக் என்று நான் மெதுவாக விளக்கினேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கையிலிருந்த கரண்டியை மேடையில் வைத்தாள். பிறகு, நான் பயந்ததைத்தான் சொன்னாள். இனி உண்மையைச் சொல்ல முடியாது என்றாள். அந்தப் பொம்பளை முன்னால் இதெல்லாம் இரவல் என்று சொல்வதற்குச் செத்துப் போகலாம் என்றாள். நீயும் சொல்லாதே, மீறிச் சொன்னால் இந்த வீட்டில் நான் இருக்க மாட்டேன் என்றாள்.

திரும்பி வந்தபோது மேடம் மூன்றாம் பக்கத்தில் இருந்தார். அதன் அடியில் உறுதிமொழி. பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதைப் பூச்சியிடம் கொடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். பூச்சி வாசித்தாள். மேலே சொன்னவை அனைத்தும் உண்மை. பொய்யென்று பின்னால் தெரியவந்தால் மாணவியின் விண்ணப்பம் ரத்து செய்யப்படும், இனி எப்போதும் விண்ணப்பிக்க முடியாது. கடைசி வரியில் அவள் குரல் நின்றுவிட்டது.

ஆக, கையெழுத்துப் போட்டாலும் போச்சு, போடாவிட்டாலும் போச்சு. அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேனா நகரவில்லை. அம்மாவை நான் இவ்வளவு வெறுத்ததும் இல்லை, அவள்மேல் இவ்வளவு பரிதாபப்பட்டதும் இல்லை.

"மேடம், அந்த சோபா எங்களோடது இல்லை," என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். ஃபிரிட்ஜ் எங்களுடையது இல்லை, கூலர் இல்லை, மெஷின் இல்லை. ஜன்னல் திரைகூட இல்லை. இந்தக் கோப்பையும் இல்லை. எல்லாம் சொல்லி முடித்ததும் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். மேடம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆச்சரியமே இல்லை.

"எல்லா வீட்டிலயும் இதைத்தாம்மா சொல்றாங்க," என்றார். "டிவி மாமாவோடது, பைக் ஃபிரெண்டோடது. போன வாரம் ஒரு வீட்டில தரையில போட்டிருந்த டைல்ஸே இரவல்னாங்க. உங்கம்மா ரொக்கமா வாங்கினேன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் நீ வந்து இப்படிச் சொன்னா நான் எதை எழுதறது?"

ஏறி இறங்கிய வீடுகளில் இவரிடம் எத்தனை பேர் பொய் சொல்லியிருப்பார்கள் என்று அப்போதுதான் யோசித்தேன். அவர்கள் சொன்ன பொய்யைத்தான் நான் உண்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்களையே கூப்பிட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சலூன் அண்ணனைக் கூப்பிட்டேன். பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு, சீப்பும் கையுமாக அவர் ஏறி வந்தார்.

"அண்ணா, அந்த சோபா யாரோடதுன்னு மேடத்துக்கிட்ட சொல்லுங்க."

அவர் சோபாவைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா தலை நிமிரவில்லை. அம்மா அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"உங்களோடதுதானேம்மா," என்றார், தேர்ந்த நடிகர் போல. "இதுல என்ன சந்தேகம்? வாங்கும்போது நான்தானே கூட வந்தேன்."

அவரைக் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். நர்ஸ் அக்கா இரவு வேலைக்காகத் தூங்கி எழுந்த கண்களோடு வந்து நின்றார். ஃபிரிட்ஜைப் பற்றிக் கேட்டதும், எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜே கிடையாது, நாங்கள் அன்றன்றைக்கு வாங்கிச் சமைப்பவர்கள் என்றார். ஒரு படி மேலே போய், உங்கம்மா கஷ்டப்பட்டுச் சேர்த்து வாங்கிய பொருளை இல்லையென்று சொல்கிறாயே, உனக்கு என்ன ஆச்சு என்று என்னைக் கடிந்துகொண்டார். அவ்வளவு அன்பு. அந்த அன்பில் என் தங்கையின் படிப்பு மூழ்கிக்கொண்டிருந்தது.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் மூன்று வீடு இருக்கிறது, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. முடிவெடுத்துவிட்டவர்களுக்குத்தான் கோபம் வராது.

அப்போதுதான் பூச்சி பேசினாள். அதுவரை உறுதிமொழியை வாசித்ததைத் தவிர அவள் வாயே திறக்கவில்லை.

"போட்டுடும்மா," என்றாள். "பரவாயில்லை. நான் திங்கட்கிழமையிலிருந்து லாட்ஜுக்கு வரேன்."

அழுதுகொண்டே சொல்லியிருந்தால் அம்மா தாங்கியிருப்பாள். பூச்சி அழவில்லை. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பது போலச் சொன்னாள். அம்மாவை எல்லோர் முன்னாலும் தலைகுனிய விடக் கூடாது என்று அந்தப் பதினேழு வயதுக் கழுதை முடிவு செய்துவிட்டது.

அம்மா பேனாவை சோபாவின் கைப்பிடியில் வைத்தாள். நேராக வாசலுக்கு வந்தாள். சலூன் அண்ணன் ஒதுங்கி வழிவிட்டார்.

"தம்பி, சோபாவை எடுத்துட்டுப் போ."

"அக்கா, அது..."

"என்னோடது இல்லையேப்பா. நீ கொடுத்ததுதானே. எடுத்துட்டுப் போ." நர்ஸ் அக்காவிடம் திரும்பினாள். "ஃபிரிட்ஜையும் கூலரையும் கொண்டு போங்க. மேல மெக்கானிக் தம்பியையும் கூப்பிடுங்க. எல்லாரும் எனக்காகப் பொய் சொல்லிட்டீங்க. போதும்."

முதலில் மேடம் எழுந்தார். அவர் எழுந்தால்தானே சோபாவைத் தூக்க முடியும். பாதி வெட்டிய தலையோடு அந்த வாடிக்கையாளரும் மேலே வந்து ஒரு பக்கம் பிடித்தார். மெக்கானிக் வந்து மெஷினைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அது ஓடாது என்பதையும் போகிற போக்கில் மேடத்திடம் தெரிவித்தார். நர்ஸ் அக்கா ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே இருந்ததை எடுத்தார். ஒவ்வொரு டப்பாவிலும் மாமியாரின் மருந்து, எந்தத் தேதி, எத்தனை மணி என்று அவருடைய கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. மேடம் அதை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரையைக் கழற்றியதும் வெயில் உள்ளே வந்து சுவரின் கறை எல்லாம் தெரிந்தது. பத்தே நிமிடத்தில் எங்கள் வீடு எங்கள் வீடாகிவிட்டது. அம்மா அத்தனை நேரமும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். உடம்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி எடுப்பது போல இருந்திருக்கும் அவளுக்கு.

சோபா இருந்த இடத்துக்குப் பின்னால் ஏதோ ஒன்று படுக்கை விரிப்பால் மூடியிருந்தது. வாடிக்கையாளரின் கால் பட்டு அது விலகியதும், வரிசையாகப் பாட்டில்கள். முப்பதுக்குக் குறையாது. வண்டு, வெட்டுக்கிளி, பெயர் தெரியாத எதெதுவோ. வீட்டின் மானம் போய்விடும் என்று அம்மா ஒளித்து வைத்த ஒரே பொருள் அதுதான். மேடம் முதலில் ஓரடி பின்வாங்கினார். பிறகு குனிந்து, இதெல்லாம் என்ன என்று கேட்டார்.

பூச்சிக்கு அப்போதுதான் உயிர் வந்தது. இரண்டு பாட்டில்களை எடுத்து, இது தானிய மூட்டையில் வரும் வண்டு, இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் இது முழுத் தானியத்தைத் துளைக்கும், இது உடைந்ததை மட்டும் தின்னும், எதிலிருந்து எது வந்தது என்று தெரிந்தால் மருந்தே அடிக்க வேண்டியதில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னாள். மேடம் கேட்டுக்கொண்டிருந்தார். எதுவும் எழுதவில்லை.

எங்கள் பிளாஸ்டிக் ஸ்டூலை நான் துடைத்துப் போட்டேன். மேடம் அதில் உட்கார்ந்து படிவத்தைத் திரும்பத் திறந்தார். புதிய படிவம் கொடுக்க வழியில்லை, எல்லாவற்றிலும் எண் அச்சடித்திருக்கிறது, அடித்துத்தான் திருத்த வேண்டும் என்றார். ஒவ்வொரு அடித்தலுக்குப் பக்கத்திலும் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். சோபா, ஒரு கையெழுத்து. ஃபிரிட்ஜ், ஒரு கையெழுத்து. கூலர், மெஷின். ரொக்கம் என்று எழுதியதற்கு ஒன்று. இத்தனை அடித்தல் திருத்தத்தோடு போகிற படிவத்தை ஆபீசில் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் கேட்டேன். நல்லவிதமாகப் பார்க்க மாட்டார்கள் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான் என்னால் முடியும் என்றார்.

பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அங்கே ஒரே ஒரு கேள்விதான். அதற்கு மதிப்பெண் அதிகம், அதனால் யோசித்துச் சொல்லுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படித்தார். குடும்பத்தில் வேறு பிள்ளைகள் யாராவது மேற்படிப்பைத் தொடராமல் நின்றிருக்கிறார்களா? ஆம் எனில், காரணம் என்ன?

சாமான்களைத் திருப்பிக் கொடுப்பதைவிடக் கடினமான ஒன்று இருந்தது, அது இதுதான். நான் பள்ளி முடித்து வீட்டில் நின்றபோது, பக்கத்து வீடுகளுக்கு அம்மா ஒரு காரணம் சொன்னாள். இவளுக்குப் படிப்பில் இஷ்டமில்லை, வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்றாள். உறவுக்காரர்களிடம் சொன்னாள். அப்பாவிடம்கூட அப்படித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். நானும் மறுக்கவில்லை. கேட்டவர்களிடம் சிரித்துவிட்டு நகர்ந்தேன். நாளாக நாளாக எனக்கே அது உண்மைதானோ என்று ஆகிவிட்டது. இப்போது ஃபிரிட்ஜ் எதிர்வீட்டு வாசல் நிலையில் சிக்கிக்கொண்டதால் சலூன் அண்ணன், நர்ஸ் அக்கா, மெக்கானிக் எல்லோரும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா யாரிடமெல்லாம் அதைச் சொன்னாளோ, அவர்கள் அத்தனை பேரும் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இஷ்டமில்லை என்று அம்மா இப்போதும் சொன்னால் அந்தக் கட்டத்தில் பூஜ்யம்தான் விழும்.

மேடம் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"பெரியவ நின்னுட்டா," என்றாள் அம்மா. "இவளுக்குப் படிப்பு நல்லா வரும். சின்னவளைவிட நல்லா வரும். இடமும் கிடைச்சுது. அனுப்பறதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுட்டு, இவளுக்குத்தான் இஷ்டமில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்." வாசல் பக்கம் பார்த்தாள். "உங்ககிட்டயும்தான் சொன்னேன். அது பொய்."

சலூன் அண்ணன் ஃபிரிட்ஜில் தான் பிடித்திருந்த பக்கத்தைக் கீழே இறக்கி வைத்தார். நர்ஸ் அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஐந்து வருடம் கல் மாதிரி இருந்தவள், அத்தனை பேர் முன்னாலும் விசும்பி விசும்பி அழுதேன். நிறுத்த முடியவில்லை. பூச்சி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடம் எழுதினார். அம்மா சொன்னதை அப்படியே எழுதினார். அந்தப் பக்கத்தில் அம்மா ஒரே ஒரு கையெழுத்துதான் போட்டாள்.

அதற்குப் பிறகு முப்பத்தாறு நாள். அதைப் பற்றி நான் என்ன சொல்வது? அடித்தல் திருத்தம் கண்ணுக்குள்ளேயே நின்றது. கடையில் மற்றவர்களின் படிவத்தில் எண்களை மாற்றி அடித்தேன். திங்கட்கிழமை வந்தது, சூப்பர்வைசர் கேட்டார், அம்மா இல்லை என்று சொல்லிவிட்டாள். அந்த மேஜைக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். இனி அந்த வேலையும் இல்லை என்று ஆனபிறகு எங்கள் பயம் இரண்டு மடங்கானது. போன் அடித்தால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். பூச்சி பாட்டில்களைத் திறக்கவே இல்லை.

முப்பத்தேழாவது நாள் காலை பதினோரு மணிக்கு, கடையில் பெரிய கூட்டம் இருந்தபோது, என் போனுக்குத் தகவல் வந்தது. எங்கள் பகுதியில் இருவர். இரண்டாவது பெயர் என் தங்கையுடையது. நான்கு முறை படித்தேன். விண்ணப்ப எண்ணைச் சரிபார்த்தேன், மறுபடியும் சரிபார்த்தேன். அடுத்தவர்களுக்கு எத்தனையோ தடவை படித்துச் சொன்ன அதே வாசகம்தான்.

லாட்ஜுக்கு போன் போட்டேன். சலவை மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவில் அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். கிடைத்துவிட்டது என்று கத்திச் சொன்னேன்.  

"உன் வயசுக்காரங்களுக்கு இந்த மாதிரி ஏதாவது இருக்காடி?" என்றாள் அம்மா. "ஊருக்கெல்லாம் தேடிக் கொடுக்கறியே. உனக்கு ஒண்ணு தேடிப் பாரேன்."

வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். தேடிப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கானது. வயது வரம்பு இருபத்தைந்து, கடைசித் தேதி ஆண்டுதோறும் ஆறாம் மாதம் முப்பது. அது என் மேஜை இழுப்பறையில் வெற்றுப் படிவமாக மூன்று வருடமாகக் கிடந்தது. அந்த வயதைத் தொட எனக்கு இன்னும் பதினான்கு மாதம் பாக்கி இருந்தது. மாதா மாதம் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.